டர்போ மேனிஃபோல்டில் விரிசல் விடாத வெல்டு: புதிதாகக் கைவைப்பவர்களுக்கு

எஞ்சினின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுப்புதான் டர்போ மேனிஃபோல்டு. நான் டிஐஜி (TIG) வெல்டிங்கில் செய்த முதல் மேனிஃபோல்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் பீடு (வெல்டு வரி) அருமையாக வந்திருக்கிறது என்றார்கள். மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று சீராகப் படிந்திருந்தது. வண்டி ஓட ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, காலையில் ஸ்டார்ட் செய்தால் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். சூடேறியதும் நின்றுவிடும். கழற்றிப் பார்த்தால், மூன்றாவது ரன்னர் (ஒரு சிலிண்டரிலிருந்து வரும் குழாய்) கலெக்டரோடு (ரன்னர்கள் ஒன்றுகூடும் பகுதி) சேரும் இடத்தில், பீடின் ஓரத்தை ஒட்டியே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு.

ரம்பத்தால் அறுத்து உள்ளே பார்த்தேன். வெளியே அத்தனை அழகாக இருந்த ஜாயின்ட்டின் உள்பக்கம் ஓரிடத்தில் கறுத்து, கரி கலந்த மணல் ஒட்டியது போலப் பொருபொருவென்று இருந்தது. இன்னோரிடத்தில் குழாயின் விளிம்பு நான் அறுத்தபோது இருந்தபடியே, கிரைண்டர் கோடுகூட அழியாமல், உருகாமல் நின்றது. அன்று முதல் எந்த மேனிஃபோல்டைக் கையில் வாங்கினாலும் முதலில் டார்ச் லைட்டை உள்ளே அடித்துத்தான் பார்க்கிறேன். நீங்களும் அப்படித்தான் பழக வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த உள்பக்கத்தைப் பற்றியதுதான்.

அந்த இடம் படும் பாடு

பெட்ரோல் டர்போ எஞ்சின் முழு பாரத்தில் ஓடும்போது போர்ட்டை (சிலிண்டர் ஹெட்டில் புகை வெளியேறும் துளை) விட்டு வரும் புகை 850 முதல் 950 டிகிரி செல்சியஸ் வரை போகும். டீசலில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. மேனிஃபோல்டின் ஒரு பக்கம், உள்ளே தண்ணீர் ஓடும் சிலிண்டர் ஹெட்டோடு போல்ட்டில் இறுகியிருக்கிறது. அது அவ்வளவாகச் சூடாகாது. இன்னொரு பக்கம் பல கிலோ எடையில் டர்போ தொங்குகிறது. நடுவில் இருக்கும் குழாய்கள்தான் சிவக்கச் சிவக்கக் காய்கின்றன.

304 ரக எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு, சூடு ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 18 மைக்ரான் நீளும். 300 மி.மீ. ரன்னர் 800 டிகிரிக்குப் போனால் 4 மி.மீ.க்கு மேல் நீளப் பார்க்கும். நீள இடமில்லை என்றால் எங்கே பலவீனமோ அங்கே போய் அமுக்கும். ஆறும்போது அதே இடத்தை இழுக்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதேதான் இங்கேயும். எஞ்சின் ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் ஒரு வளைப்பு.

துணிக்கடையில் துணியைக் கிழிப்பதற்கு முன் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு போடுவார்கள். அந்த வெட்டு இருந்தால்தான் துணி நேராக, சுலபமாகக் கிழியும். ஜாயின்ட்டின் உள்ளே உருகாமல் விட்ட விளிம்பு, பீடு ஓரத்தில் விழுந்த அண்டர்கட் பள்ளம், முடிக்கும்போது விட்ட சின்னக் குழி, இவையெல்லாம் அப்படி நாமே போட்டுக் கொடுக்கும் வெட்டுகள். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

எந்தக் குழாய், எந்த ஃபிலர்

தொடக்கத்துக்கு ஷெட்யூல் 10 கனத்தில் வரும் எஸ்எஸ் எல்போக்கள் (வளைந்த குழாய்த் துண்டுகள்) நல்லவை. ஷெட்யூல் என்பது குழாய்ச் சுவரின் கனத்தைச் சொல்லும் எண். ஒன்றரை அங்குல அளவில் வெளி விட்டம் 48.3 மி.மீ., சுவர் கனம் 2.77 மி.மீ. கை கொஞ்சம் தடுமாறினாலும் ஓட்டை விழாது, டர்போ எடையையும் தாங்கும். 1.6 மி.மீ. கனமுள்ள மெல்லிய டியூப் எடை குறைவு, சீக்கிரம் சூடாகும். ஆனால் அதில் வெல்டு சரியாக இருப்பதோடு டர்போவுக்குத் தனி பிராக்கெட்டும் இருந்தே ஆக வேண்டும். முதல் வேலைக்கு அது வேண்டாம்.

304-ஐ விட 304எல் மேல். கார்பன் அதிகமுள்ள எஸ்எஸ் 425 முதல் 850 டிகிரிக்குள் நெடுநேரம் இருந்தால், கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உலோகத்தின் நுண்மணிகளின் எல்லையில் போய் உட்கார்ந்துவிடும். அந்த எல்லையில் துருவைத் தடுக்கும் சக்தி போய்விடும். மேனிஃபோல்டு வாழ்வதே பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான். 321 ரகத்தில் டைட்டானியம் சேர்த்திருப்பதால் கார்பன் அதோடு போய் ஒட்டிக்கொள்ளும், குரோமியம் தப்பிக்கும். கடுமையாக ஓடும் வண்டிக்கு 321தான் என் தேர்வு.

ஜாயின்ட்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பிதான் ஃபிலர். 304, 304எல் குழாய்க்கு 308எல் ஃபிலர். 321-க்கு 347 ஃபிலர். டைட்டானியம் ஆர்க்கைத் தாண்டி வெல்டுக்குள் ஒழுங்காகப் போய்ச் சேராது, அதனால் நயோபியம் உள்ள 347. எஸ்எஸ் குழாயை எம்எஸ் (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) ஃபிளேஞ்சோடு (போல்ட் போட்டு இறுக்கும் தட்டு) சேர்க்கும் இடத்தில் 309எல். இதில் மாற்றிப் போட்டால் வெல்டு வைக்கும்போது எதுவும் தெரியாது. சில மாதம் கழித்துத்தான் தெரியும். ஃபிலர் கம்பிகளைத் தனித்தனிக் குழாயில் பெயர் எழுதி வையுங்கள்.

எம்எஸ் குழாயிலும் செய்யலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். 550 டிகிரிக்கு மேல் அது செதில் செதிலாக உதிரத் தொடங்கும் என்பதுதான் பிரச்சினை. ஜிங்க் பூசிய குழாயை மட்டும் தொடவே வேண்டாம். அந்தப் புகை ஆளைக் காய்ச்சலில் தள்ளும், வெல்டும் உருப்படாது.

அறுப்பும் பொருத்தமும்

பாதி வெல்டிங் இங்கேயே முடிந்துவிடுகிறது. இரண்டு குழாயையும் சேர்த்து வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். மெல்லிய டியூப் என்றால் வெளிச்சம் எங்குமே கசியக் கூடாது. இடைவெளியை ஃபிலரால் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இடைவெளி உள்ள இடத்தில் அதிகச் சூடு, அதிக உலோகம். ஆறும்போது அந்தப் பக்கமே ரன்னரை இழுத்துக் கோணலாக்கும்.

ஷெட்யூல் 10 கனத்துக்கு விளிம்பை வெளிப்பக்கமாக லேசாகச் சாய்த்துத் தேய்த்தால் வெல்டு அடிவரை இறங்கும். ஷெட்யூல் 40 என்றால் சாய்வு கட்டாயம், ஒவ்வொரு பக்கமும் 30 டிகிரிக்குக் குறையாமல். உள் விளிம்பில் இருக்கும் பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள். பிறகு ஜாயின்ட்டின் இரு பக்கமும், உள்ளும் வெளியும் 20 மி.மீ. அளவுக்கு எஸ்எஸ் பிரஷ்ஷால் தேய்த்து அசிட்டோனால் துடையுங்கள். அந்த பிரஷ் எம்எஸ் மேல் ஒருமுறைகூடப் பட்டிருக்கக் கூடாது. ஃபிலர் கம்பியையும் துடையுங்கள். துணி கறுப்பாவதைப் பார்த்தால் இனி துடைக்காமல் வைக்க மனம் வராது.

ஒரு எச்சரிக்கை. அசிட்டோனுக்குப் பதிலாக பிரேக் கிளீனர் ஸ்பிரேயை எடுக்காதீர்கள். அவற்றில் சில வகைகளில் குளோரின் சேர்மம் உண்டு; ஆர்க்கின் சூட்டிலும் வெளிச்சத்திலும் அது ஃபாஸ்ஜீன் வாயுவாக மாறும். ஆளைக் கொல்லக்கூடிய நஞ்சு அது.

பர்ஜ்: தவிர்க்கவே கூடாத வேலை

வெல்டிங் டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் வாயு வெளிப்பக்கத்தைத்தான் காற்றிலிருந்து காக்கிறது. உருகும் உலோகத்தின் உள்பக்கம் குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சிவந்த எஸ்எஸ் ஆக்சிஜனைக் கண்டால் பொங்கி, கறுத்து, கரடுமுரடாக உறையும். பட்டறையில் இதை ‘சுகரிங்’ என்பார்கள், சர்க்கரை படிந்தது போல இருப்பதால். அந்தக் கரட்டின் ஒவ்வொரு பிளவும் ஒரு விரிசலின் தொடக்கம். அதிலிருந்து உதிரும் துணுக்கு நேராக டர்பைன் சக்கரத்துக்குத்தான் போகும். எம்எஸ் குழாய்க்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை; எஸ்எஸ் குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் நிரப்பாமல் வெல்டு வைக்கவே கூடாது. இப்படி உள்ளே நிரப்புவதுதான் பர்ஜ்.

செய்வது கஷ்டமில்லை. எல்லாத் திறப்புகளையும் அலுமினியத் தாள், சூடு தாங்கும் டேப் வைத்து அடையுங்கள். இன்னும் டேக் (பிடித்து நிறுத்தப் போடும் சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் போட்டு வெல்டு வைக்காத ஜாயின்ட்களையும் டேப்பால் சுற்றுங்கள். இல்லாவிட்டால் ஆர்கான் அங்கேயெல்லாம் ஒழுகிப் போகும். ஆர்கான் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம். அதனால் கீழ்ப்பக்கமாக உள்ளே விடுங்கள். மிக உயரத்தில் இருக்கும் திறப்பில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை விடுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்புவது போலக் கீழிருந்து நிரம்பி, காற்றை மேலே தள்ளி வெளியேற்றும்.

எவ்வளவு நேரம்? நான்கு ரன்னர் மேனிஃபோல்டின் உள் கொள்ளளவு 2 லிட்டர் அளவில் இருக்கும். அதைப் போல 10 மடங்கு வாயு ஓட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் இரண்டரை நிமிடம். அப்புறம் ஓட்டத்தை 3 அல்லது 4 லிட்டராகக் குறைத்துவிட்டு வெல்டைத் தொடங்குங்கள். குறைக்காமல் விட்டால், ஜாயின்ட் மூடப்போகும் கடைசி சென்டிமீட்டரில் உள்ளிருக்கும் அழுத்தம் உருகிய உலோகத்தை வெளியே ஊதித் தள்ளிவிடும்.

டேக் போடும்போதும் பர்ஜ் ஓட வேண்டும். பலர் விடும் தவறு இது. பர்ஜ் இல்லாமல் போட்ட டேக்கின் அடியில் உண்டான கரடு, பிறகு அதன்மேல் எவ்வளவு நல்ல வெல்டு ஓடினாலும் போகாது.

மூடிய சின்ன அறையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஆர்கான் தாழ்வான இடத்தில் தேங்கி ஆக்சிஜனை விரட்டும். மூச்சு முட்டுவது நமக்குத் தெரியவே தெரியாது. எஸ்எஸ் வெல்டிங் புகையில் நச்சுக் குரோமியமும் உண்டு. காற்றோட்டமும் முகமூடியும் எப்போதும் இருக்கட்டும்.

டேக், பிறகு வெல்டு

ஹெட் ஃபிளேஞ்சை எஞ்சினில் மாட்டி அளவு பார்த்து டேக் போடலாம். அப்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள், எர்த் கிளாம்ப்பை ஃபிளேஞ்சிலேயே மாட்டுங்கள். டர்போவை மட்டும் வைக்காதீர்கள். கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்தால் பேரிங் கெட்டுப்போகும். அதன் இடத்தில் வெறும் ஃபிளேஞ்சைத் தாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் எதிரெதிராக நான்கு சின்ன டேக் போதும். முழு வெல்டு எஞ்சினில் வேண்டாம், மேசைக்குக் கொண்டுபோங்கள்.

மெஷினில் டிசி, டார்ச் நெகட்டிவ் முனையில். டங்ஸ்டன் (ஆர்க்கை உண்டாக்கும் முனைக்கம்பி) நீல முனையுள்ள லாந்தனம் கலந்தது, 1.6 அல்லது 2.4 மி.மீ.; கூர்மையாக, நீளவாக்கில் தேய்த்திருக்க வேண்டும். கேஸ் லென்ஸ் (வாயுவைச் சீராகப் பரப்பும் வலை) போட்ட பெரிய கப், ஆர்கான் நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர். ஷெட்யூல் 10 எஸ்எஸ் குழாய்க்கு 70 முதல் 90 ஆம்ப்பில் ஓடும். மெல்லிய டியூப்புக்கு 45 முதல் 60. கால் பெடல் இருந்தால் உச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் காலால் அடக்குங்கள்.

இப்போது ஆர்க்கைப் பற்ற வைத்து அவசரப்படாமல் பாருங்கள். முதலில் இரண்டு விளிம்பிலும் தனித்தனியே பளபளப்பு வரும். பிறகு இரண்டும் ஒன்றாகிச் சின்னக் குட்டையாகும். ஃபிலரைக் கொடுக்க இது நேரமில்லை. இன்னும் ஒரு கணம் பொறுங்கள். குட்டையின் மேற்பரப்பு மெல்ல ஒரு மயிரிழை கீழே இறங்கித் தட்டையாகும். அடிவரை உருகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போது ஃபிலரைத் தொட்டு எடுங்கள், நகருங்கள். என் முதல் மேனிஃபோல்டில் நான் அந்த ஒரு கணத்துக்குக் காத்திருக்கவில்லை.

ஃபிலர் முனை ஆர்கான் போர்வையை விட்டு வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடான முனை காற்றில் பட்டுக் கறுத்தால், அடுத்த தொடுதலில் அந்தக் கறுப்பு உள்ளே போகும். ஒரே மூச்சில் சுற்றி வர முயலாதீர்கள். எஸ்எஸ் வெப்பத்தைக் கடத்தும் வேகம் எம்எஸ் கடத்துவதில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் சூடு ஒரே இடத்தில் தேங்கும். கால் வட்டம் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போங்கள். அடுத்த ஓட்டத்துக்கு முன் குழாய் 150 டிகிரிக்குக் கீழே வரட்டும். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம்.

முடிக்கும் இடம் முக்கியம். தொடங்கிய இடத்தைத் தாண்டி 5 முதல் 10 மி.மீ. மேலேறி, ஒரு சொட்டு ஃபிலர் கூடுதலாகக் கொடுத்து, ஆம்ப்பை மெதுவாக இறக்குங்கள். சட்டென்று நிறுத்தினால் நடுவில் நட்சத்திரம் போலக் குழி விரிசல் விழும். ஆர்க் அணைந்த பிறகும் டார்ச்சை நகர்த்தாமல் பத்து விநாடி ஆர்கானை அங்கேயே காட்டுங்கள். பர்ஜ்ஜும் குழாய் ஆறும் வரை ஓடட்டும்.

ஆறியதும் நிறம் பாருங்கள். வெளிர் தங்க நிறம் என்றால் மிக நன்று. ஊதாவும் நீலமும் வந்தால் சூடு கூடிப்போனது. மங்கிய சாம்பல் நிறம் வந்தால் அந்த இடத்தை நம்ப முடியாது. உள்பக்கமும் இதே கணக்குதான்.

பீடைத் தேய்த்து மழமழப்பாக்கும் ஆசை பலருக்கு வரும். வேண்டாம். வெல்டின் கனத்தை நாமே குறைப்பதுதான் அது.

கலெக்டர், ஃபிளேஞ்ச்

நான்கு ரன்னரும் ஒன்றுசேரும் கலெக்டரில்தான் அதிக விரிசல் பார்த்திருக்கிறேன். நான்கு சிலிண்டரின் சூடும் அங்கே வருகிறது, டர்போவின் எடையும் அங்கேதான் இழுக்கிறது. நான்கு குழாயும் சந்திக்கும் நடுப்புள்ளிக்கு வெளியிலிருந்து டார்ச் எட்டாது. அதனால் நான்கையும் ஒரேயடியாகச் சேர்க்காதீர்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து, உள்ளே கை எட்டும்போதே உள் ஜாயின்ட்டை முடித்துவிட்டு, பிறகு இரு ஜோடியையும் இணையுங்கள். நடுப்புள்ளியில் சின்ன ஓட்டை மிஞ்சினால் டர்போ ஃபிளேஞ்ச் பக்கமிருந்து நிரப்பிவிடுங்கள். வேஸ்ட்கேட் (மிகுதிப் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) குழாய் கிளம்பும் இடத்துக்கும் இதே கவனம் வேண்டும்.

ஃபிளேஞ்ச் 10 அல்லது 12 மி.மீ. கனம், குழாய் அதில் நான்கில் ஒரு பங்கு. ஆர்க்கை ஃபிளேஞ்ச் மேல் அதிகம் காட்டி, அங்கே உருகத் தொடங்கியதும் குட்டையைக் குழாய்ப் பக்கம் இழுத்து வாருங்கள். கனமான இரும்புப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே ஃபிளேஞ்ச் வெல்டு; நடுப் போர்ட்டில் தொடங்கி மாற்றி மாற்றி வையுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறும் வரை போல்ட்டைக் கழற்றாதீர்கள். இவ்வளவு செய்தும் கொஞ்சம் வளையும், அது இயல்பு. நேர்கோலை வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள், 0.1 மி.மீ. தகடு நுழைந்தால் முகத்தை மெஷினில் போட்டு மட்டமாக்க வேண்டும். போர்ட்டுகளுக்கு நடுவே ஃபிளேஞ்சை அறுத்துப் பிரித்துவிடுவதும், கடைசித் துளைகளைக் கொஞ்சம் நீள்வட்டமாக்குவதும் ஃபிளேஞ்ச் நீள்வதற்கு இடம் கொடுக்கும்.

மாட்டுவதற்கு முன்

திறப்புகளை அடைத்து 1 பார் அளவு காற்று கொடுத்து சோப்புத் தண்ணீர் தடவினால் பின்ஹோல் (ஊசித்துளை) இருந்தால் காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் அழுத்தம் வேண்டாம். மயிரிழை விரிசலுக்கு டை பெனட்ரன்ட்: சுத்தம் செய்து சிவப்புத் திரவத்தை அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம், பொதுவாக 10 முதல் 20 நிமிடம், ஊறவிட்டு, துணியால் துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பி வரும். முதல்முறை பார்ப்பவருக்கு அது ஒரு படிப்பினை.

இவற்றையெல்லாம் மேனிஃபோல்டில் செய்வதற்கு முன், அதே குழாயின் துண்டுகளில் ஒரு பத்து ஜாயின்ட் போட்டு, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் அறுத்து, வைஸில் பிடித்துச் சுத்தியலால் மடக்கிப் பாருங்கள். வெல்டு பிளக்காமல் குழாய் மடங்க வேண்டும். தொடர்ந்து ஐந்து அப்படி வந்தால் கை தயார்.

மாட்டும்போது டர்போவின் எடையை எஞ்சின் பிளாக்கிலிருந்து வரும் பிராக்கெட் தாங்கட்டும். அந்த பிராக்கெட் எடையை ஏந்த வேண்டும், ஆனால் மேனிஃபோல்டு நீளும் திசையைத் தடுக்கக் கூடாது. நீள்துளையோ, இரு முனையும் திரும்பக்கூடிய கம்பியோ போடுங்கள். டர்போவுக்குப் பின்னால் வரும் எக்ஸாஸ்ட் குழாயில் பெல்லோஸ் (வளைந்து கொடுக்கும் மடிப்புக் குழாய்) இருக்கட்டும். ஹீட் ராப் (சூட்டைத் தடுக்கும் துணிப் பட்டை) சுற்றுவதை நான் விரும்புவதில்லை. சூட்டை வெளியே விடாததால் உலோகம் இன்னும் சூடாகும், ஈரத்தையும் பிடித்து வைக்கும், விரிசல் விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

முதல் நாளே விரட்டாதீர்கள். ஐட்லில் சூடேற்றி, முழுதாக ஆறவிட்டு, இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகு, குளிர்ந்த நிலையில் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கலெக்டரைச் சுற்றிப் புகைக்கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

விரிசல் விட்டுவிட்டால் அதன்மேலேயே ஒரு பீடு ஓட்டி மூடுவது வீண். கோட்டின் இரு முனையையும் டை போட்டுக் கண்டுபிடித்து, முனையில் சின்னத் துளை போட்டு, விரிசல் முழுவதையும் அடிவரை தேய்த்து எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் கரியைச் சுத்தம் செய்து, பர்ஜ் ஓடவிட்டு வெல்டு வையுங்கள். என் முதல் மேனிஃபோல்டின் கலெக்டரை அறுத்தெடுத்துப் புதிதாகச் செய்தபோது, வெல்டு வைப்பதற்கு முன்பே டர்போவுக்கு ஒரு பிராக்கெட் செய்து வைத்தேன். முதல் தடவை அது இல்லை. கழற்றும்போது டர்போவைத் தாங்கிய என் கை வலித்த பிறகுதான், அத்தனை நாளும் அந்த எடையை அந்த ஒரு ஜாயின்ட் சுமந்துகொண்டிருந்தது எனக்கு உறைத்தது.